சென்னை என்று காட்டிய வாசகர்கள்

ஜவ்வாது மலைச் செய்திகளைத் தரும் இணையதளம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பார்வையாளர்களில் பெரும்பாலோர் சென்னை என்றே தளத்தின் வருகைக் கணக்கு காட்டியது. அதனால், அன்றன்று பஸ் வருமா என்ற தகவலை நிறுத்திவிட்டு அருவிப் படங்களைப் போடச் சொன்னார் முதலாளி.

அடுத்த வாரம் மலைமேல் நெல்லிவாசல்நாட்டில், நிறைமாதக் கர்ப்பிணி மகளோடு சாலையோரம் நின்ற ஒரு பெண், நான் அந்தத் தளத்தில் வேலை பார்ப்பது தெரிந்து என்னைக் கேட்டார்.

"இன்னாங்க, பஸ்சு வராதுன்னு போட்டிருந்தா காலையிலயே ஜீப்பு பேசியிருப்போம்ல? மலையில எல்லாரும் அத்த பாத்துதான் கெளம்புறோம்."

விசாரித்தேன். மலையில் உள்ள செல்போனின் இணைப்பும் சென்னை வழியாகவே போகிறது. கணக்கு அதையே ஊராகக் காட்டியிருக்கிறது.

முதலாளியிடம் சொன்னேன்.

"சென்னைன்னே இருக்கட்டும்யா. மலைக்காரனுக்கு எவன் விளம்பரம் தருவான்?"

பார்வையாளர்கள் குறைந்துகொண்டே போனார்கள். மாதக் கூட்டத்தில், "சென்னைக்காரனுக்கு மலை சலிச்சுப் போச்சு" என்று அவர் காரணம் சொன்னார். போனவர்கள் யாரென்று தெரிந்தும், மற்றவர்களோடு சேர்ந்து நானும் தலையாட்டினேன்.