ஒச்சம்மாள் சொன்ன மாசிக் கடல்

கருவாடு விற்கிற பொம்பளையைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். அதுவும் கடலில் காற்று இல்லை என்று சொன்ன குற்றத்துக்கு! அன்று காலை சந்தையில் அதைக் கண்ணால் பார்த்தபோது கையிலிருந்த வெற்றிலைக் கட்டைக் கீழே போட்டுவிட்டேன்.

ஒச்சம்மாள் விளாங்குடிக்காரி. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். மதுரைச் சந்தையில் என் வெற்றிலைக் கடைக்கு எதிரே ஒரு கூடையோடு வந்து உட்கார்ந்தாள்; கருவாடு விற்றே தம்பிகள் இருவருக்கும் கல்யாணம் செய்து வைத்தாள். வாய் என்றால் அப்படியொரு வாய். விலையைக் குறைத்துக் கேட்டவனை அவன் பாட்டன் வரைக்கும் இழுத்துப் பேசுவாள். என்னையும் விட்டதில்லை. "தண்ணியத் தெளிச்சு அழுகல் வெத்தலைய விக்கிற ஆளு" என்று ஊரறியச் சொல்வாள். அது உண்மையும்கூட.

அவளுக்குச் சரக்கு தொண்டிக் கரையிலிருந்து வரும். லாரிக்காரர் சுலைமான் கொண்டுவந்து இறக்குவார். கடற்கரைச் சரக்கை விற்கிறவளுக்குக் கடலைப் பற்றித் தெரியாமலா இருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். அவளும் சும்மா இருக்கமாட்டாள்.

"கெழக்க காத்து கெளம்பிருச்சு, புயலு வாரது நிச்சயம்! அடுத்த வாரம் துண்டுக் கருவாடு கெடைக்காது, வாங்கிப் போட்டுக்கங்க!" என்று ஒருநாள் கூவுவாள். இன்னொரு நாள், "மாசி பொறந்தாச்சு, வாடை அடங்கிருச்சு. கடலு கொளத்துத் தண்ணியாட்டம் கெடக்கு. நாளைக்கு லாரி நெறைய வரும், வேற கடைக்குப் போயிராதீக!" என்பாள்.

ஒரு வருஷம் அவள் புயல் என்று கூவிய மறுநாளே நிஜமாகவே புயல் வந்து, தொண்டிப் பக்கம் கூரைகளைப் பிய்த்துப் போட்டது. அன்றிலிருந்து அவள் பேச்சுக்குத் தனி மரியாதை. உப்பு ஏற்றிவரக் கிழக்கே வண்டி கட்டுகிறவர்கள் அவளைக் கேட்காமல் மாட்டைப் பூட்டமாட்டார்கள்.

சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்த மாசி மாதம் அது. ஊரெல்லாம் குண்டு பயம். கரையோரத்துக் காற்று மழையைப் பற்றி வெளியே பேசக்கூடாது, எதிரிக் கப்பலுக்கு அது துப்பாகிவிடும் என்று ஒரு பேச்சு இருந்தது. ஒச்சம்மாளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? "ஒரு வாரத்துக்குக் கடலு அமைதி!" என்று வழக்கம்போலக் கூவினாள். அந்த வழியாக வந்த புது சப்-இன்ஸ்பெக்டர் சைக்கிளை நிறுத்தினார்.

"கடல் அமைதியா இருக்கும்னு உனக்கு யார் சொன்னது?"

"எனக்கு ஒருத்தர் சொல்லணுமாக்கும்? எனக்கே தெரியும் எசமான்."

"கரையில உனக்குத் துப்புச் சொல்ற ஆள் யாரு?"

கூட வந்த போலீஸ்காரர் அவள் கையைப் பிடித்துவிட்டார்.

நாங்கள் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். உதவி செய்கிறோம் என்று கூட்டமாகப் போய் நின்றோம். "ஐயா, தங்கமான பொம்பள. இவ சொன்னா சொன்னபடி நடக்கும்" என்றேன் நான். "அல்லா சத்தியமா சார், தொண்டிக்குப் போயிட்டு வார எனக்கு முந்தி இந்தம்மாவுக்குத் தெரிஞ்சிரும்" என்றார் சுலைமான். நாங்கள் புகழப் புகழ சப்-இன்ஸ்பெக்டரின் முகம் இறுகியது. அப்போதும் எங்கள் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தவள் பாண்டியம்மாள். ஒச்சம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை விற்கிறவள். அவளுக்கு மருது என்று ஒரே மகன். தொண்டியிலிருந்து சிலோனுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் கூலிக்கு இருந்தான். சில வருஷங்களுக்கு முன்னால் இதே மாசியில் ஊருக்கு வந்த மகனைத் திருப்பி அனுப்பப் பயந்து, பாண்டியம்மாள் ஒச்சம்மாளைத்தான் கேட்டாள். கடல் அமைதியாகக் கிடக்கிறது, தைரியமாக அனுப்பு என்றாள் ஒச்சம்மாள். அந்தத் தோணி கரை சேரவில்லை. பாண்டியம்மாள் அவளை ஒருநாளும் நொந்துகொண்டதில்லை. அவள் தோளில் சாய்ந்துதான் அழுவாள்.

"ஐயா, எங்க அக்காளுக்குத் தெரியாத கடலு இல்ல" என்றாள் பாண்டியம்மாள். "எம்மகன் விசயத்துல மட்டுந்தான் தப்பிருச்சு. அது அக்கா தப்பு இல்லங்க, கடலு பண்ணுன துரோகம்."

"இத்தனை சாட்சி போதும். ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வா. ரெண்டு வருஷத்துக்குக் குறையாம உள்ள இருப்பா" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

ஒச்சம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்த வாயாடி அழுது நான் பார்த்ததே இல்லை.

"எசமான், எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி! நான் கடலப் பாத்ததே இல்ல. இங்கிட்டு விளாங்குடி, அங்கிட்டுத் தெப்பக்கொளம், அம்புட்டுத்தான் நான் போன தூரம். கூடை நெறஞ்சு கெடந்தா புயலு வருதும்பேன், சரக்கு வித்துரும்ல. கூடை காலின்னா கடலு அமைதிம்பேன், நாளைக்கு லாரி வரும்னு சனம் வேற கடைக்குப் போகாதுல்ல. சத்தியமா அம்புட்டுத்தான் எசமான்!"

கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு நெத்திலிகூட விழவில்லை.

இத்தனை வருஷமாக எத்தனை வண்டிகள், எத்தனை பயணங்கள் அந்தக் கூடையை நம்பிக் கிளம்பியிருக்கின்றன! சப்-இன்ஸ்பெக்டர் கவிழ்ந்த கூடையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "இனிமே வாயைத் திறந்தே, தொலைச்சுப்புடுவேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார். போலீஸ்காரர் கையை விட்டார். அவள் தப்பித்தாளே என்று சந்தையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பாண்டியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகக் குனிந்து அந்தக் கூடையை நிமிர்த்தி வைத்தாள்.

"அக்கா, மருது கெளம்புன அன்னைக்கு ஒங்கூடை காலியா?"

சிரிப்பு அப்படியே நின்றது. ஒச்சம்மாள் சட்டென்று எழுந்து, போய்க்கொண்டிருந்த சைக்கிளின் பின்னாலேயே ஓடினாள்.

"எசமான், என்னையக் கூட்டிட்டுப் போயிருங்க! எசமான், என்னைய இங்க விட்டுட்டுப் போகாதீக!"

அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். பாண்டியம்மாள் கூடையைப் பிடித்தபடி பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.