ஒரே ட்ரிப், இரண்டு நோய்: டாக்டர் கமலவேணியின் நினைவில்

ஒருவருக்கு இதய எக்கோ பார்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. குழந்தை மருத்துவர் கமலவேணி காலையில் பல் துலக்கும்போதே சரிந்து இறந்துவிட்டார். அவரிடம் பிள்ளைகளைக் காட்டிய தாய்மார்கள், கூட வேலை பார்த்தவர்கள், திட்டு வாங்கியவர்கள் எல்லாரும் இதைப் படிப்பீர்கள். நல்லவர், வல்லவர் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு யோக்கியதை இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் புதுக்கோட்டையில் ஒரு சிகிச்சை மையம் திறந்தார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் இதய அடைப்பு உள்ள பெரியவர்களுக்கும் அங்கே நரம்பில் ஏற்றுவது ஒரே மருந்து ட்ரிப். உடம்பில் சேர்ந்த ஈயம், பாதரசத்தையெல்லாம் அது வடித்துவிடுமாம்; பிள்ளை பேசுமாம், அடைப்பு கரையுமாம். ஆதாரங்களைப் படித்து அறிக்கை தரும்படி எங்கள் மருத்துவர் சங்கம் கேட்டது. ஆட்டிசம் அவருக்கு, இதயம் எனக்கு.

மையம் கொடுத்த கட்டுரைகளை அவர் ஒரு மாதம் படித்தார். ஓரங்களில் பென்சிலால் ஒரே கேள்வி: "ட்ரிப் ஏத்தாத பிள்ளைங்க எங்க?" பேச்சுப் பயிற்சியும் கூடவே கொடுத்துவிட்டு, பிள்ளை பேசிய பெருமையை ட்ரிப்புக்குக் கொடுத்திருந்தார்கள். "மழை பெஞ்சு கம்மாய் நெறஞ்சிருக்கு. நான் ஊத்துன ஒரு கொடம் தண்ணியாலதான்ங்கிறான்" என்றார்.

நான் படித்தது அரை மணி நேரம். அங்கேயும் அதே லட்சணம். நோயாளிகள் மாத்திரை சாப்பிட்டார்கள், பீடியை விட்டார்கள், புகழ் ட்ரிப்புக்கு. தெரிந்தேதான் "பயன் இருக்கலாம், மேலும் ஆய்வு தேவை" என்று எழுதினேன். மையத்தின் முதலாளி என் பங்காளி, தம்பி முறை. சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் ஒரே பந்தியில் உட்கார வேண்டும். இதைச் சொன்னபோது கமலவேணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பந்தியில உக்காருறதுக்காக நீங்க எழுதுறீங்க. அங்கிட்டுப் பிள்ளை கையில ஊசி ஏறுது."

"பயன் இல்லை, ஆபத்து உண்டு" என்று அவர் எழுதினார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று சங்கம் கிடப்பில் போட்டது. பங்காளி என் வரியை மட்டும், பெயர், பட்டத்தோடு சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினான்.

போன ஆடியில் வல்லத்திராக்கோட்டையிலிருந்து ஒரு தாய் தன் ஆறு வயது மகனைத் தூக்கிக்கொண்டு கமலவேணியிடம் ஓடி வந்தார். அன்று காலை ட்ரிப் ஏற்றியிருந்தார்கள். ட்ரிப் கால்சியத்தையும் வடித்துவிட, ரத்தத்தில் அது அடியோடு இறங்கி, பிள்ளைக்குக் கைகால் இழுத்துக்கொண்டது. இதயத் துடிப்பும் தடுமாறியதால் என்னைக் கூப்பிட்டார். பிழைத்துக்கொண்டான்.

"ஏம்மா அங்க போனீங்க?" என்று கேட்டேன்.

"ஹார்ட் டாக்டர் ஒருத்தர் எழுதிக் குடுத்ததக் கண்ணாடி போட்டு மாட்டிருக்காங்க சார். அம்புட்டுப் படிச்சவரு பொய்யா எழுத மாட்டாருன்னு நம்பிட்டேன்."

கமலவேணி நாடித் துடிப்பைப் பார்த்தபடியே சொன்னார்: "இவருதாம்மா அது."

அந்தத் தாய் மகனைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "இப்பவாச்சும் மாத்தி எழுதுங்க" என்று கமலவேணி கேட்டதற்கு, அப்போதும் "பாக்கலாம்" என்றுதான் சொன்னேன்.

அவர் இறந்த அன்று தெருமுனையில் மையத்தின் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் நின்றது. அவர் படம், "எங்கள் வழிகாட்டிக்கு" என்று ஒரு வரி, கீழே முகவரியும் ட்ரிப் ஏற்றும் கிழமைகளும். பிணத்தின் மேல் கடை விரித்திருந்தார்கள். பங்காளி மாலையோடு முதல் ஆளாக நின்றான். "பெரிய இழப்புண்ணே" என்று என் கையைப் பிடித்தான். அந்தக் கையை உதறினேன், அவ்வளவுதான் முடிந்தது.

காரியம் முடிந்ததும் அவர் மகள் ஒரு ஃபைலைக் கொடுத்தார். அவருடைய அறிக்கை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்தும் மூன்று வருடப் பழைய தேதியும் போட்டிருந்தார். அதற்குக் கீழே என் பெயரை டைப் செய்து, இடம் விட்டு வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டுச் சங்கத்துக்கும் சுகாதாரத் துறைக்கும் அனுப்பினேன். கோயில் பக்கம் வர வேண்டாம் என்று பங்காளிகள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது போகட்டும்.

அதன் நகல் ஒன்றுதான் அவருடையதாக என்னிடம் இருக்கிறது. அதில் இரண்டு கையெழுத்துகள், இரண்டு தேதிகள். அவருடைய தேதிக்கும் என்னுடைய தேதிக்கும் நடுவில்தான் அந்தப் பிள்ளைக்குக் கைகால் இழுத்தது.