ஒன்பது சைகைகளில் குரங்கு இல்லை

எங்கள் பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கு எல்லாம் இருந்தது. சாரணர் படை இருந்தது. கால்பந்து இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் இலக்கிய மன்றம் என்று கூடி மேசையைக் குத்திக் குத்திப் பேசினார்கள். தோட்டக் கழகம் என்று ஒன்று வைத்து வெண்டைக்காய் போட்டார்கள், பிஞ்சிலேயே பறித்துத் தின்றார்கள். பெண் பிள்ளைகளுக்கு என்ன இருந்தது? ஆண்டு விழா அன்றைக்கு வாசலில் கோலம் போடுவது இருந்தது. வருகிற பெரிய மனிதர் மேல் பன்னீர் தெளிப்பது இருந்தது. இதைத்தான் வீட்டிலேயே செய்கிறோமே, இதற்கு எதற்குப் பள்ளிக்கூடம் வர வேண்டும் என்று தையல் டீச்சரிடம் கேட்டேன். முட்டி போட வைத்தார்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. சீனாக்காரனோடு சண்டை முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்குச் சாரணர் படையில் சேர வேண்டும். உண்மையைச் சொன்னால், அவர்கள் கழுத்தில் கட்டிக்கொள்ளும் துணி வேண்டும். அரக்கு நிறத் துணி, ஓரத்தில் மஞ்சள் பட்டை. என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன் படையில் இருந்தான். வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி நாலாக மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டுவான். நான் தொடப் போனால், "கையில எண்ண கீதுடி, தள்ளு" என்பான். என் கையில் எண்ணெய் இருக்காது. அவனுக்குக் கொழுப்பு இருந்தது.

படையை நடத்தியவர் ஓவிய வாத்தியார். ஒல்லியாக, உயரமாக இருப்பார். காக்கி அரைக்கால் சட்டை போட்டால் கொக்கு மாதிரி தெரிவார். கொடி சைகை என்று ஒன்று அவர் கற்றுத்தர வேண்டியிருந்தது. இரண்டு கையிலும் இரண்டு கொடி பிடித்து, தூரத்தில் இருப்பவனுக்குச் செய்தி அனுப்புவது. புத்தகத்தில் இருந்த முறை இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு சைகை. எங்கள் ஊர்ப் பையன்கள் நாலாவது எழுத்து வருவதற்குள் முதல் எழுத்தை மறந்தார்கள். வாத்தியார் புத்தகத்தை மூடிவிட்டு, தானே ஒன்பது சைகை உண்டாக்கினார். ஒரு சைகைக்கு ஒரு முழு வாக்கியம். இரண்டு கொடியும் தலைக்கு மேலே போனால் 'வந்து சேர்ந்தோம்'. பக்கத்துக்கு ஒன்றாக நீட்டினால் 'அனைவரும் நலம்'. நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே வைத்தால் 'வர வேண்டாம்'. வலது கொடியைச் சுழற்றினால் 'ஒருவருக்குக் காயம்'. இடது கொடியைச் சுழற்றினால் 'உடனே ஆள் அனுப்பு'. தண்ணீருக்கு ஒன்று, நெருப்புக்கு ஒன்று, வழி தவறினால் ஒன்று. கொடியைத் தரையில் அடித்தால் 'எதிரி தென்படுகிறான்'. செஞ்சிக் கோட்டைக்கு எதிரி வந்து எத்தனை தலைமுறை ஆகிறது! அதற்கு ஒரு சைகை வைத்தார். தினமும் கூட்டம் கூட்டமாக வருகிற குரங்குக்கு வைக்கவில்லை.

அண்ணனுக்குப் பழகுவதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டியிருந்தது. நான் கிடைத்தேன். பள்ளி விட்டதும் அவன் வைக்கோல் போர் மேல் ஏறுவான், நான் கிணற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பேன். அம்மாவின் கிழிந்த புடவையில் செய்த கொடிகள். அவன் காட்டுவான், நான் கத்துவேன். தப்பாகச் சொன்னால் இறங்கி வந்து தலையில் குட்டுவான். ஒரு வாரத்தில் குட்டு வாங்குவது நின்றுபோயிற்று. இன்னும் ஒரு வாரத்தில் அவன் தப்பாகக் காட்டுவதை நான் திருத்த ஆரம்பித்தேன்.

"முட்டிய மடக்காதடா. கால அசைக்கக் கூடாதுன்னு வாத்தியார் சொல்லல?"

"பொத்திக்கினு படிடி."

இப்படித்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். ஆனால் ஒருவரை விட்டு ஒருவர் சாப்பிட உட்கார மாட்டோம்.

கடலூரிலிருந்து மாவட்ட சாரணர் அதிகாரி படையைப் பார்க்க வருகிறார் என்று அறிவித்தார்கள். பள்ளி மைதானத்தில் பெற்றோர்களெல்லாம் கூடியிருக்க, கோட்டையின் மூன்று மலைகளில் ஒன்றான கிருஷ்ணகிரி மலையில் பாதி உயரத்தில் இருக்கும் பாறையிலிருந்து கொடி காட்ட வேண்டும். கீழே ஒருவன் மேசை மேல் நின்று அதைப் படித்துத் தகரக் குழலில் சொல்ல வேண்டும். கொடி காட்டுவது அண்ணன். படிப்பதற்கு இருந்த பையனுக்கு அன்று காலையில் பொன்னுக்கு வீங்கி வந்து இரண்டு கன்னமும் உப்பிவிட்டது. வாயைத் திறக்க முடியவில்லை.

வாத்தியார் படையை வரிசையாக நிறுத்திக் கேட்டார். "எவனுக்குடா ஒம்பதும் தெரியும்?"

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அண்ணன்தான் சொன்னான். "எந்தங்கச்சிக்குத் தெரியும் சார்."

"பொட்டப் புள்ளையாடா?"

"என்னவிட நல்லாப் படிப்பா சார்."

அதைச் சொல்வதற்கு அவனுக்கு என்ன கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. வாத்தியார் என்னைக் கூப்பிட்டு இரண்டு அடிக்கோலைக் கையில் பிடித்துக் காட்டினார். ஒன்பதையும் சொன்னேன்.

"கேட்டுக்க புள்ள. கொடி இன்னா சொல்லுதோ அத மட்டும் சொல்லு. உன் சொந்த சரக்கு ஒண்ணும் வாணாம்."

"தப்பில்லாம படிச்சா எனக்குக் கழுத்துத் துணி உண்டா சார்?"

அவர் சிரித்தார். "ஒரு தப்பு வரக்கூடாது. வராம படிச்சா உண்டு. உம்பேரும் பதிவேட்டுல ஏறும்."

அண்ணனோடு மூன்று பையன்கள் போனார்கள். நாலு பேருக்கும் அம்மா புளிசாதம் கட்டிக்கொடுத்தாள். நைனா, எங்கள் அப்பா, வேர்க்கடலை என்கிற மல்லாட்டை மண்டியில் மூட்டை எடை போடுகிறவர். அன்று அவலூர்பேட்டைச் சந்தைக்குப் போய்விட்டார். அம்மா மட்டும் வந்து, புங்க மரத்தடியில் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா செஞ்சியிலேயே பிறந்தவள். வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்து ஜனங்கள் கோட்டை பார்ப்பார்கள். அம்மா ஒரு படி ஏறியதில்லை. "அங்க இன்னா கீது, கல்லுதான" என்பாள்.

அதிகாரி தொப்பியும் மீசையுமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். என்னை மேசை மேல் ஏற்றினார்கள். அவ்வளவு பேர் தலையை மேலிருந்து பார்த்தது அன்றுதான். மலையில் பாறை மேல் விரல் உயரத்தில் அண்ணன் தெரிந்தான். கொடிகள் தலைக்கு மேலே போயின.

"வந்து சேர்ந்தோம்!" என்று குழலில் கத்தினேன்.

கொடிகள் பக்கத்துக்கு ஒன்றாக நீண்டன. "அனைவரும் நலம்!"

கைதட்டினார்கள். அதிகாரி மீசையைத் தடவினார். வாத்தியார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். துணி பாதி என் கழுத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

வாத்தியார் எழுதிக்கொடுத்த வரிசைப்படி அடுத்து 'தண்ணீர் தேவை' வர வேண்டும். வரவில்லை. கொஞ்ச நேரம் கொடி சும்மா இருந்தது. பிறகு வலது கொடி சுழன்றது.

"ஒருவருக்குக் காயம்!"

கூட்டம் அசைந்தது. வாத்தியார் முகம் மாறியது. இது அந்த வரிசையில் இல்லை. நான் எதற்கு நிறுத்த வேண்டும்? கொடி சொல்கிறது, நான் சொல்கிறேன். இடது கொடி சுழன்றது. "உடனே ஆள் அனுப்பு!" இரண்டும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே வந்தன. "வர வேண்டாம்!" கொடி தரையில் அடித்தது. "எதிரி தென்படுகிறான்!" மறுபடி வலது கொடி. "ஒருவருக்குக் காயம்! ஒருவருக்குக் காயம்!"

அதிகாரி எழுந்து நின்றார். "ஸ்ட்ரெச்சர்! ஸ்ட்ரெச்சர் எங்கே?" மூங்கிலில் சாக்கு கட்டிச் செய்த தூக்குக் கட்டிலை எடுத்துக்கொண்டு பையன்கள் ஓடினார்கள்.

அப்போதுதான் அண்ணன் குதித்தான்.

கொடி காட்டுகிறவன் குதிக்க மாட்டான். ஒரு காலைத் தூக்கி, உடம்பைப் பக்கவாட்டில் வளைத்துக் குதித்தான். அந்தக் குதி எனக்குத் தெரியும். வீட்டில் வற்றல் காயப் போட்டிருக்கும்போது, கம்பை எடுத்துக்கொண்டு குரங்கை விரட்டும்போது அவன் குதிக்கிற குதி. அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. புளிசாதத்துக்குக் குரங்கு வந்திருக்கிறது. கொடியால் அடிக்கிறான். அவ்வளவுதான்.

அம்மா என் மேசைக்குக் கீழே வந்து நின்றாள். முந்தானை தோளிலிருந்து நழுவியிருந்தது. அண்ணாந்து என்னைப் பார்த்தாள்.

"ஏய், சரியாப் பாத்தியாடி? எம்புள்ளைக்கா?"

குரங்கு என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் ஒன்பதில் குரங்கு இல்லை. அது என் சொந்தச் சரக்கு. அதைச் சொன்னால் அதுவரை படித்ததெல்லாம் தப்பாகிவிடும். வாத்தியார் பக்கத்திலேயே நின்றார்.

"கொடி அப்டித்தாம்மா சொல்லுது" என்றேன்.

அம்மா ஓடினாள். மைதானத்தைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, வழியாகப் போகாமல் மல்லாட்டைக் கொல்லைக்குள் குறுக்கே விழுந்து ஓடினாள். செருப்பு மைதானத்திலேயே கிடந்தது. கட்டில் தூக்கிய பையன்களை மலையடிவாரத்துக்கு முன்னாலேயே முந்திவிட்டாள். அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை. சப்பாத்திக்கள்ளிப் புதர்களுக்கு நடுவில் அவளுடைய பச்சைப் புடவை மேலே மேலே போனது. நான் மேசை மேல் நின்று, ஒன்றும் விடாமல் படித்துக்கொண்டிருந்தேன். கேட்பதற்குக் கீழே யாரும் இல்லை. வாத்தியாரும் ஓடிவிட்டார், அதிகாரியும் ஓடிவிட்டார். பொன்னுக்கு வீங்கிப் பையன் மட்டும் கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தான்.

வெயில் ஏறிய பிறகு எல்லாரும் திரும்பினார்கள். முன்னால் அம்மா வந்தாள். ஒரு கையில் அண்ணனின் காது. இன்னொரு கையில் ஒரு கொடி. இன்னொரு கொடியைக் குரங்கு கொண்டுபோய்விட்டது, சாதத்தையும்தான். பின்னால் தூக்குக் கட்டில் வந்தது. அதில் அதிகாரி படுத்திருந்தார். படியில் கால் பிசகி, கணுக்கால் வீங்கிவிட்டது. ஒருவருக்குக் காயம் என்பது அப்படி உண்மையாயிற்று.

"கொரங்கு சார்" என்று அண்ணன் அழுதான். "நாலஞ்சு சார். மூட்டைய இழுத்தினு ஓடிச்சு சார். நாங்கூட 'வர வேண்டாம்'னு காட்டனேன் சார், அதுங்களுக்கு."

அதிகாரி கட்டிலில் படுத்தபடியே சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார், வலியில் முனகினார், மறுபடி சிரித்தார். நல்ல மனுஷன். பையன்கள் தன்னை ஒரு குலுக்கல் இல்லாமல் இறக்கிக்கொண்டு வந்தார்கள் என்று புகழ்ந்தார். "படிச்சது யாரு? ஒண்ணு விடாமப் படிச்ச அந்தப் பொண்ணு எங்க?" என்று கேட்டு, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, பொன்னுக்கு வீங்கிப் பையனின் கழுத்துத் துணியை வாங்கித் தன் கையாலேயே எனக்குக் கட்டிவிட்டார். வாத்தியார் பதிவேட்டில் என் பெயரை எழுதினார். எழுதும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த வாரம் பத்தாவது சைகையாகக் குரங்கைச் சேர்த்தார்.

அம்மா அங்கே நிற்கவில்லை. அண்ணனை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் நைனா வந்தபோது அம்மா அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, ஊசியால் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பாதமும் கீறிக் கிழிந்திருந்தன. அண்ணன் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கதையை அவன்தான் சொன்னான், குதித்தும் காட்டினான். நைனா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மே, உங்கண்ணன் குதிக்கிறது உனக்குத் தெரியாதா? நித்தம் பாக்கறவதான நீ?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினாள். கையிலிருந்த ஊசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவ சின்னப் புள்ள. கொடி சொன்னத சொன்னா. நீ கை கால் கழுவினு வந்து சோறு துன்னு."

எனக்குப் பெருமையாக இருந்தது. வாத்தியார் சொன்ன விதியை எழுதப் படிக்கத் தெரியாத அம்மா புரிந்துகொண்டாளே என்று இருந்தது. நான் போய் அவள் முன்னால் நின்று துணியைக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். முடிச்சு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. இழுத்துச் சரிசெய்தாள். "கொழம்பு படாம சாப்புடு" என்றாள்.

அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் அம்மா என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரு தப்பும் இல்லாமல் படித்ததால்தான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, கழுத்தில் கட்டிய துணியைக் கழற்றாமலே படுத்து நன்றாகத் தூங்கினேன்.