சுவிஸ் அண்ணை ஏறிய கருங்கல்

வெண்கட்டித் தூள் மணத்தால் யாருக்கும் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வரும். எனக்கு நினைவு வருவது ஒரு கருங்கல் பாறை. போன மாதம் மகள், தான் போகிற க்ளைம்பிங் சென்ரருக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கிழக்கு லண்டனில் பழைய கிடங்கொன்றுக்குள் பொய்ப் பாறை கட்டி வைத்திருக்கிறார்கள். கையெல்லாம் வெள்ளைத் தூளோடு பிள்ளைகள் அதில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வாசல் மேசையில் கிடந்த புத்தகமொன்றைப் புரட்டியவள் கத்தினாள்: "அப்பா, திஸ் இஸ் யூ!"

கோர்ன்வால் கடற்கரையில் பேர்போன கருங்கல் செங்குத்து ஒன்று இருக்கிறது. அதில் யார் யார் எந்த வழியால் முதலில் ஏறினார்கள் என்று சொல்லும் புத்தகம் அது. ஆணி அடித்த சப்பாத்தோடு ஏறிய கனவான்கள், பயிற்சிக்கு வந்த கொமாண்டோக்கள், பிறகு தலைமயிர் வளர்த்த மாணவர்கள். அந்த வரிசையின் நடுவில் என் பெயர். வழியின் பெயர் 'ஏலும்', ஆங்கில எழுத்தில். பக்கத்தில் 'பொருள் தெரியவில்லை' என்று ஒரு குறிப்பு.

மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கோ அழுகை வந்துவிட்டது. அந்த இடத்தில் இருக்கவேண்டியது என் பெயரல்ல, நண்பரே.

தோசைக்கல் மாதிரித் தட்டையான யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் நான். ஏணியில் ஏறினாலே தலை சுற்றும். லண்டனுக்கு வந்த புதிதில், மனோர் பார்க்கில் எட்டுப் பேர் இருந்த வீட்டில், என் அறைக்கு வந்து சேர்ந்தவர்தான் சுவிஸ் அண்ணை. அங்கே எல்லாரையும் வந்த நாட்டைச் சொல்லித்தான் கூப்பிடுவோம்: ஜேர்மன், பிரான்ஸ், சுவிஸ். அகதிக் கேஸில் பலருக்கு வேறு பெயர்; சொந்தப் பெயரைக் கேட்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

அண்ணை சுவிசில் மலையடி ஹோட்டலொன்றில் கோப்பை கழுவியவர். அங்கேயிருந்த சமையல்காரனோடு ஞாயிறுகளில் பாறை ஏறப் பழகியிருக்கிறார். ஆனால் சுவிசில் இருந்தது தெரிந்தால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று, இங்கே கேஸில் கொழும்பிலிருந்து நேரே வந்ததாகச் சொல்லியிருந்தார். எனக்கு வேலையில் இரண்டு நாள் ஓவ் கிடைத்தால் போதும், பழைய கயிற்றைத் தூக்கிக்கொண்டு என்னையும் கோர்ன்வால் போகும் கோச் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். கயிறு பிடிக்க ஆள் வேண்டுமே!

அப்படி ஒருநாள் அந்தக் கருங்கல் செங்குத்தில், எவரும் ஏறாத வெடிப்பொன்றால் அவர் மேலே போனார். போய்க் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். பாதியில் அடுத்த பிடி எட்டாமல் பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். கீழே கடல்.

"ஏலாது அண்ணை! நான் சாகப்போறன்!"

"ஏலும்! வலக்காலைத் தூக்கும்!"

முருகனைக் கும்பிட்டு ஏறினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அரிசி மூட்டை மாதிரி என்னை இழுத்தெடுத்தார்.

ஏறுகிறவர்கள் தங்கும் குடிலில் ஒரு தடித்த கொப்பி இருந்தது. புதுவழி கண்டவர் வழிக்குப் பெயர் வைத்து, தன் பெயரையும் எழுதவேண்டும். அதுதான் பிறகு புத்தகத்தில் அச்சாகும். வழிக்கு 'ஏலும்' என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"உம்மட பேரை மட்டும் போடும். பாறை ஏற எங்க பழகினனீர் எண்டு கேட்டாங்கள் எண்டா நான் என்னத்தைச் சொல்லுறது? கேஸ் முடியட்டும், வந்து மாத்துவம்."

போட்டேன். போடும்போது கொஞ்சம் புளுகமாகவும் பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

கேஸ் முடிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கப் போனவர் திரும்பி வரவில்லை. கொழும்புக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். பிறகு ஒரு கடிதமில்லை, ஒரு போன் இல்லை. நானும் கல்யாணம், பிள்ளை, மோர்ட்கேஜ் என்று இருந்துவிட்டேன். சீ, என்ன மனிதன் நான்!

புத்தகத்தைப் பார்த்த அன்றே அதை வெளியிடுகிறவர்களுக்கு எழுதினேன், முதலில் ஏறியது நானல்ல என்று. உடனே பதில் வந்தது. நல்ல மனுசி. சந்தோசமாக மாற்றுகிறோம், அடுத்த மாத முடிவில் புதுப் பதிப்பு அச்சுக்குப் போகிறது, அவருடைய பெயர் என்ன என்று கேட்டிருந்தாள்.

மனோர் பார்க்குக்கு ஓடினேன். வீடு பிளாட்டுகளாகிவிட்டது. ஜேர்மன் செத்துப்போனார். பிரான்ஸ் வெம்பிளியில் கடை வைத்திருக்கிறார். "சுவிஸ் எண்டுதானே கூப்பிட்டனாங்கள், ஐசே. கேசில குடுத்த பேரும் அவர்ட இல்லை, வந்த பாஸ்போட்டில இருந்த ஆரோ ஒருத்தன்ர" என்றார். கோயிலில் கேட்டேன். "ஊர் பேர் தெரியாமல் ஆரைத் தேடுறது?" என்றார்கள்.

அச்சுக்கு இன்னும் நாலு நாள். சுவிஸ் என்று போட்டால் யாரோ சுவிஸ்காரன் ஏறினதாகிவிடும். என் பெயரை எடுத்துவிடச் சொன்னால், அடுத்ததாக ஏறிய யாரோ இரண்டு வெள்ளைக்காரப் பொடியன்களுக்கு அந்த வழி போய்விடும். அப்படியே விட்டால் என் பொய் இன்னொரு பதிப்புக்கும் நிற்கும். பத்து மாதம் ஒரே அறையில் படுத்தோம், ஒரே சட்டியில் சமைத்தோம். என் உயிரைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்ற மனிதரிடம், அண்ணை, அம்மா உங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவா என்று ஒரு நாளாவது கேட்டேனா? கேட்கவில்லை.