நான் வெட்டிய நாதஸ்வரம்

எண்பதுகளில் திண்டிவனத்தில், கேட்ட பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து தரும் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தேன். எந்த இசையமைப்பாளர் பெரியவர் என்று கடைக்கு வருகிறவர்களோடு சண்டை போடுவேன். இசை தெரிந்தவன் என்ற திமிர். ஆனால், கேசட்டில் கூடுதலாக ஒரு பாட்டு அடங்குவதற்காக மற்றப் பாட்டுகளின் முன்னிசையை வெட்டிவிடுவேன்.

கிளியனூரிலிருந்து வந்த அம்மா ஒருவருக்கும் அப்படித்தான் வெட்டி, எனக்குப் பிடித்த பாட்டொன்றைக் கடைசியில் சேர்த்துக் கொடுத்தேன். சில நாளில் கேசட்டோடு திரும்பி வந்தார்.

"தம்பி, மொதப் பாட்டு ஆரம்பிக்கச்சொல்ல ஒரு நாதஸ்வரம் வரும். எங்க வூட்டுக்காரரு வாசிச்சது. நேத்து அவருக்குக் காரியம். சொந்தக்காரங்கள எல்லாம் ஒக்கார வெச்சுக்கினு போட்டேன். அது மட்டும் வரலீங்க."

"டேப்புல ஏதோ கோளாறும்மா" என்றேன்.

"அதுக்கு நீங்க என்னா பண்ணுவீங்க, தம்பி" என்று என்னையே சமாதானப்படுத்தினார்.

மறுபடி பதிவுசெய்ய இசைத்தட்டை ஓடவிட்டேன். நாதஸ்வரம் அரை நிமிடம்கூட இல்லை. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார். பாடகரின் குரல் வந்ததும், "போதும் தம்பி, நிறுத்திடுங்க" என்றார்.

தட்டின் உறையில் இசையமைத்தவர் பெயரும் பாடியவர் பெயரும் இருந்தன. வாசித்தவர் பெயரை அன்றைக்கும் நான் கேட்கவில்லை.