சுடலைமணி அண்ணாச்சியின் பெயரில் கோப்பை வேண்டாம்

சுடலைமணி அண்ணாச்சி காலமான செய்தி எங்கள் பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழேகாலுக்கு வந்தது. அதற்கு மேலே, விற்பனைக்கு இருக்கும் ஒரு சைலன்ஸரின் படம். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். கும்பிடுகளுக்கு நடுவே ஒரு உறுப்பினர், "சைலன்ஸர் இன்னும் இருக்கா?" என்று கேட்டிருந்தார். போனைச் சோபாவில் எறிந்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு தாராவிக்குக் கிளம்பினேன்.

சங்கத்தின் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். "கொஞ்சம் பாசிட்டிவா எழுதுங்க மேடம்" என்றார் தலைவர். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். போடுவதானால் முழுதாகப் போடட்டும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். மும்பை தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் தகரப் பட்டறை வைத்திருந்தார். பழைய வண்டிகளுக்குச் செயின் கவர், பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்கச் சாரி கார்டு, இன்ஜினுக்கு முன்னால் வளைகம்பி, அடியில் கல் படாமல் தடுக்கும் தகடு, இவைதான் அவர் வேலை. இன்ஜினைப் பிரித்து ரிப்பேர் செய்ய மாட்டார். "ஓட வைக்கதுக்கு ஆயிரம் பேரு இருக்கான் மேடம். ஓடுறது யாரையும் கடிச்சிரக் கூடாதுல்லா, அதுக்குத்தான் நான்" என்பார்.

பதினாலு வருடத்துக்கு முன்னால் அப்பாவின் வண்டியை அவரிடம் கொண்டுபோனேன். அப்பா போன பிறகு செம்பூர் வீட்டில் இரண்டு வருடம் போர்வை போர்த்திக் கிடந்த இங்கிலாந்து வண்டி அது. அப்போது நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலையில் இருந்தேன். அண்ணாச்சி வண்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "பின்னால யாரு உக்காருவா?" என்றார். யாருமில்லை, நான்தான் ஓட்டப் போகிறேன் என்றேன். அவர் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை. "அப்பம் உங்க துப்பட்டாவைத் தாங்க" என்றார்.

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, கியரில் போட்டுப் பின்சக்கரத்தைச் சுழலவிட்டார். ஒரு குச்சியின் நுனியில் துப்பட்டாவைக் கட்டிச் செயினுக்கு அருகே காற்றில் தவழவிட்டார். ஒரு நொடிதான். துப்பட்டாவைச் செயின் உருவிக்கொண்டு போய்ப் பல்சக்கரத்தில் சுருட்டி, கிழித்துத் துப்பியது. குச்சி இரண்டாக முறிந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு, "துணி போச்சு, களுத்து மிச்சம்" என்றார்.

இதுதான் அவர் வழக்கம். அவரிடம் வண்டி விடுகிறவர், பின்னால் உட்காரப் போகிறவரின் சேலையோ துப்பட்டாவோ ஒன்றைக் கொண்டுவர வேண்டும். கவரும் கார்டும் மாட்டிய பிறகு அந்தத் துணியை ஓடும் சக்கரத்தருகே பிடித்துப் பார்ப்பார். துணி முழுசாக மிஞ்சினால்தான் சாவியைத் தருவார். மாதுங்காக்காரர் ஒருவர் மனைவியிடம் கேட்கக் கூச்சப்பட்டுக் கடையில் புதுச்சேலை வாங்கிக்கொண்டு வந்தார். அண்ணாச்சி அதைத் தொடக்கூட இல்லை. "கஞ்சி விறைப்புல இருக்க சேலை பொய் சொல்லும் சார். கட்டித் துவைச்ச சேலைதான் காத்துல பறக்கும். வீட்டுல அவுகளையே கூட்டியாங்க" என்று திருப்பி அனுப்பினார். அந்த அம்மாள் வந்தார். தன் காலுக்கு அரை அடி தள்ளிச் செயின் ஓடுவதை இருபது வருடத்தில் அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தார். கணவரை அவர் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

எங்கள் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை ஊர்வலங்களுக்கு அண்ணாச்சிதான் சோதனையாளர். வாசலில் நின்றுகொள்வார். செயின் கவரும் சாரி கார்டும் இல்லாத வண்டியில் பின்னால் ஆள் ஏற முடியாது. தலைவராக இருந்தாலும் சரிதான், இறக்கிவிட்டுவிடுவார்.

தலைவர் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு மழைக்காலம் முடிந்து அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு லோனாவ்லா மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தபோது தலைவரின் வண்டியில் செயின் அறுந்தது. அறுந்த செயின் முன்பல்சக்கரத்தில் சுருண்டால் இன்ஜினின் வெளிக்கூடாகிய கேஸை உடைத்துவிடும். பழைய வண்டிக்கு அந்தக் கேஸ் கிடைக்காது. உடைந்தால் வண்டியின் கதை முடிந்தது. ஆனால் கேஸில் கீறல்கூட இல்லை. தலைவர் இன்ஜினைத் தட்டிக்கொடுத்து, "பாத்தீங்களா, இங்கிலீஷ்காரன் கட்டினதுன்னா சும்மாவா!" என்றார். பல்சக்கரத்துக்குப் பின்னால், வெளியே தெரியாத இடத்தில், அண்ணாச்சி மூன்று மாதத்துக்கு முன் ஒரு கனத்த அலுமினியத் தகடு பொருத்தியிருந்தார். அடி முழுவதையும் வாங்கிக்கொண்டு அது நெளிந்து கிடந்தது. அதை எடுத்துத் தலைவரிடம் காட்டுங்கள் என்று நான் பல்லைக் கடித்தேன். அண்ணாச்சி சிரித்துவிட்டு, "விடுங்க மேடம், இங்கிலீஷ்காரனும் சந்தோசமா இருந்துட்டுப் போறான்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருடம் பெரிய கண்காட்சி ஒன்றில் கலந்துகொள்ள எங்கள் சங்கத்துக்கு அழைப்பு வந்தது. அங்கே வண்டி ஒரிஜினலாக இருக்க வேண்டுமாம். ஃபேக்டரியில் வராத எது இருந்தாலும் மார்க் குறைப்பார்களாம். கமிட்டி கூடியது. சாரி கார்டையும் செயின் கவரையும் கழற்றுவதா என்பதுதான் கேள்வி. அண்ணாச்சியையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் எழுந்து நின்று சொன்னார்: "இங்கிலாந்துல சேலை கட்டலை, அதனால அவன் போடலை. இங்க கட்டுதாவ. வண்டி நம்ம ஊருல அறுவது வருசம் ஓடியிருக்கு. அந்த அறுவது வருசமும் ஒரிஜினல் இல்லையா?"

"நீங்க சொல்றது நியாயம்தான் அண்ணாச்சி, ஆனா மார்க் போயிடுமே" என்றார் தலைவர்.

நியாயம் என்று சொல்லிவிட்டு அதற்கு எதிராக முடிவெடுக்கக் கூசவில்லை எங்களுக்கு. கார்டு அவரவர் விருப்பம் என்று ஆனது. சோதனையாளர் பதவியே தேவையில்லை என்று ஆனது. சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டது செயலாளராகிய நான். அதைச் சொல்லாமல் மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. அப்பாவின் வண்டிக்கு ஒரு பரிசு கிடைக்காதா என்ற ஆசை எனக்கும் இருந்தது. அண்ணாச்சி எனக்குச் செய்துகொடுத்த கவரை என் கையாலேயே கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்தேன். பரிசும் கிடைக்கவில்லை.

கண்காட்சி முடிந்து இரண்டு வாரத்தில், கழற்றியதை யாரும் திரும்ப மாட்டாமலே, தேவ்நார் வரை ஒரு ஊர்வலம் போனோம். கமிட்டி உறுப்பினர் ரமேஷின் பின்னால் அவர் மனைவி வசந்தா ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். செம்பூர் நாக்கா சந்திப்பைத் தாண்டும்போது அவள் முந்தானை பறந்தது. நான் மூன்று வண்டி பின்னால் வந்துகொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. கழுத்து தப்பியது. இடது காலில் இரண்டு விரல்கள் போயின, கணுக்கால் நொறுங்கியது. "ஆக்சிடென்ட், யாராலயும் தடுத்திருக்க முடியாது" என்று தலைவர் அன்று மாலையே குழுவில் எழுதினார். தடுத்திருக்க முடிந்த மனிதரை வாசலிலிருந்து அனுப்பி நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"சர்க்குலர்ல கையெளுத்து உங்களுதுதான மேடம்?"

"ஆமாம் அண்ணாச்சி."

"சரி. உள்ள போயி அந்தப் புள்ளையப் பாருங்க."

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அதன் பிறகு பட்டறைப் பக்கம் போக எனக்குத் துணிவு வரவில்லை. ஐந்து மாதம் கழித்து, விடிகாலையில் பட்டறையைத் திறந்து முதல் தகட்டை எடுக்கும்போதே மாரடைப்பு வந்து விழுந்துவிட்டார்.

மூன்றாம் நாள் கமிட்டி கூடியது. சுடலைமணி நினைவுக் கோப்பை என்று ஒன்றை வருடாவருடம் கொடுப்பதாகத் தீர்மானம். எதற்காம்? மிகச் சிறந்த ஒரிஜினல் வண்டிக்காம்! கோப்பையில் பெயரைப் பொறித்து மேஜை மேலேயே வைத்துவிட்டார்கள். இது அவருக்குச் செய்யும் மரியாதையா, அவமானமா என்று கத்தினேன். "எமோஷனல் ஆகாதீங்க மேடம். ஃபேமிலிக்குச் சந்தோஷமாத்தான் இருக்கும். வேணும்னா நீங்களே போய்க் கேளுங்க. அவங்க வேண்டாம்னா எடுத்துடறோம்" என்றார் தலைவர்.

போனேன். அண்ணாச்சியின் மனைவி செல்லக்கனி அக்கா பட்டறைக்கு மேலே உள்ள அறையில் உட்கார்ந்திருந்தார். கோப்பை விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரிஜினல்னா என்ன மேடம்?"

"ஃபேக்டரியிலிருந்து வந்தது மாதிரியே இருக்கணும் அக்கா. அப்புறமா யாரும் எதுவும் சேர்த்திருக்கக் கூடாது."

"அப்பம் அவுக செஞ்சது ஒண்ணும் அந்த வண்டியில இருக்கக் கூடாது."

"ஆமா அக்கா."

"அதுக்கு அவுக பேரு."

கீழே பட்டறை பூட்டிக் கிடந்தது. அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அவுக பேரு வேண்டாம். எடுத்துறச் சொல்லுங்க. பேரு ஒண்ணு போட்டே ஆவணும்னா அந்தப் புள்ள வசந்தா பேரப் போடச் சொல்லுங்க. மேடைக்கு அவளே நடந்து வந்து குடுக்கட்டும். எல்லாரும் உக்காந்து பாருங்க."

இதை ஒரு சொல் மாற்றாமல் கமிட்டியில் சொன்னேன். ரமேஷ் எழுந்து வெளியே போய்விட்டார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதெப்படி மேடம், பாக்க நல்லா இருக்காதே" என்றார். நல்லா இருக்காது என்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. அன்றைக்கே செயலாளர் பதவியை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

அண்ணாச்சி, உங்கள் பெயரைக் காப்பாற்றியது உங்கள் மனைவி, நான் இல்லை. உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஐந்து மாதம் இருந்தது, செம்பூரிலிருந்து தாராவி ஒன்றும் வெளிநாடு இல்லை. கேட்காமல் விட்டேன். இனி கேட்டு என்ன? என் கோபத்தில் பாதி கமிட்டிக்காரர்கள் மேல், மீதி என் மேல். அது ஆற வேண்டும் என்றுகூட எனக்கு ஆசையில்லை.

கோப்பையிலிருந்து உங்கள் பெயரைச் சுரண்டிவிட்டார்கள். புதிதாக ஒன்று வாங்கவில்லை, அதையேதான் இந்த வருடமும் கொடுக்கப் போகிறார்கள். சுரண்டிய இடம் வெளிறித் தெரிகிறது. வாங்குகிறவர் அந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, சிரித்தபடி படம் எடுத்துக்கொள்வார். நீங்கள் அதில் இல்லை, நிம்மதியாகப் போய் வாருங்கள் அண்ணாச்சி.