நக்கோ சார் சோதிக்காத சரக்கு

குஷாய்குடா எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் இளங்கோவன் என்று கேட்டால் பழைய ஆட்களே சற்று யோசிப்பார்கள். நக்கோ சார் என்றால் கேன்டீன் வரைக்கும் தெரியும். வெளியிலிருந்து வந்து இறங்கும் உதிரிப் பாகங்களைச் சோதித்து உள்ளே அனுப்பும் செக்‌ஷனில் பணிக்காலம் முழுவதையும் கழித்தவர். பெட்டியைப் பிரித்து நாலைந்து உருப்படிகளை எடுப்பார், சோதிப்பார், கூடவே வந்த சான்றிதழை வரிவரியாகப் படிப்பார். திருப்தி இல்லையென்றால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "நக்கோ" என்பார். வேண்டாம் என்பதற்கு ஹைதராபாத்தில் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அந்த வேலூர்க்காரர் வாயிலிருந்து வரும்போது அதற்கு மேல் பேச்சு கிடையாது. சரக்கு கொண்டுவந்தவன் கெஞ்சுவான், மேலிடத்திலிருந்து ஃபோன் வரும், தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் வரும். ஸ்வீட் பாக்ஸுக்கும் நக்கோதான்.

அப்பேர்ப்பட்ட மனிதர் கட்டிய மனைவியின் வாய்க்குள் போவதைச் சோதிக்காமல் விட்டார் என்றால் யார் நம்புவார்கள்? விட்டார் என்பதுகூட மரியாதைக்காகச் சொல்வது. கலந்து கொடுத்ததே அவர்தான்.

பானுமதிக்கு இடது மார்பில் கட்டி. புற்றுநோய்தான் என்று உறுதியானதும் டாக்டர் ஸ்மிதா இருவரையும் எதிரே உட்கார வைத்து, தெலுங்கில் நிதானமாகச் சொன்னார். முதலில் கீமோ, கட்டி சுருங்கியதும் ஆபரேஷன். இடையில் வைட்டமினோ மூலிகையோ சத்துப் பொடியோ, எதுவானாலும் தன்னிடம் காட்டாமல் சாப்பிடக் கூடாது. எல்லாமே கெடுதல் என்பதில்லை, சிலது தேவைப்பட்டால் தானே எழுதித் தருவேன், ஆனால் சிலது கீமோ மருந்தோடு மல்லுக்கு நிற்கும். இதைக் கேட்டதும் இளங்கோவனுக்கு டாக்டரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. "நம்ம ஆளு" என்று வரும் வழியெல்லாம் பானுவிடம் மெச்சிக்கொண்டு வந்தார்.

முதல் கீமோவில் பானுவின் முடி கொட்டியது. இரண்டாவதில் நாக்கு மரத்து, சாம்பாருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காத இளங்கோவன் யூடியூப் பார்த்துக் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொண்டார். முதல் நாள் கட்டி தட்டியது, அடுத்த நாள் அடி பிடித்தது, அப்புறம் கை பழகிவிட்டது. காலையிலும் சாயங்காலமும் டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். மற்ற நேரமெல்லாம் வீட்டில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. பானு சுருண்டு படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்கு நரகமாக இருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் காலனிப் பூங்காவில் கிருஷ்ணபிரசாத் வந்து வாய்த்தார். ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் பார்த்தவர், நல்ல மனிதர், யாருக்கு என்ன என்றாலும் பதறுவார். அமெரிக்காவிலிருந்து மருமகன் கொண்டுவந்தது என்று ஒரு புட்டியை நீட்டினார். பச்சைத் தேயிலையைச் சுண்டக் காய்ச்சி, சாரத்தை மட்டும் எடுத்து அடைத்த கேப்ஸ்யூல்.

"இளங்கோ சார், இது மருந்தே இல்லை. வெறும் தேயிலை. விஜயவாடாவிலே எங்க மச்சினி இதைச் சாப்பிட்டுத்தான் எழுந்து நடக்கிறாங்க" என்றார்.

செக்‌ஷனில் இருந்திருந்தால் இளங்கோவன் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். எந்த மச்சினி, என்ன கட்டி, கூட வேறு என்ன மருந்து, சோதித்தவர் யார், காகிதம் எங்கே? ஒன்றும் கேட்கவில்லை. புட்டியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். டாக்டரிடம் காட்டலாம் என்று நினைத்தார்தான். காட்டினால் அவர் நக்கோ சொல்லிவிடுவாரே என்று பயமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல்லுக்கு அவரே பயந்தார்.

பானுவிடம் சொன்னால் டாக்டர் பேச்சைத் தட்ட மாட்டாள். அதனால் கேப்ஸ்யூலைப் பிரித்துப் பொடியைக் கஞ்சியில் தட்டிக் கலக்கினார். கசப்பு தெரியாமலிருக்க வெல்லம் கொஞ்சம் கூடுதலாகப் போட்டார். தானும் ஏதோ செய்கிறோம் என்று அவருக்கு ஆறுதலாக இருந்தது.

மூன்றாவது கீமோவுக்குப் போன அன்று ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. கல்லீரல் வீங்கிச் சிரமப்படுவதாகக் காட்டுகிறது, இப்போது கீமோ ஏற்ற முடியாது என்றார்.

"நாட்டு மந்துலு ஏமைனா வாடுதுன்னாரா அம்மா?" நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

"லேது மேடம், ஏமி லேது", ஒன்றும் இல்லை என்றாள் பானு.

டாக்டர் இளங்கோவனைப் பார்த்தார். அவரும் லேது என்றார். நாக்கு கூசாமல் வந்தது அந்தப் பொய்.

ஞாயிற்றுக்கிழமை ஊரின் மறுகோடியில் இருக்கும் கச்சிபௌலியிலிருந்து மகன் கிரி வந்தான். வந்ததும் வராததுமாக அம்மாவைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, டெல் மீ த ட்ரூத். கஷாயம் கிஷாயம் ஏதாவது குடிச்சியா? நீ சும்மா இருக்க மாட்டியே!" என்று சமையலறை அலமாரிகளைக் குடைந்து, சுக்கு, திப்பிலி, கருஞ்சீரகம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாரிக் குப்பையில் கொட்டினான். "நான் எதையும் தொடலடா" என்று பானு சொல்லச் சொல்ல அவன் காதில் வாங்கவில்லை. மொட்டைத் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவள் அழுதாள். இளங்கோவன் பால்கனியில் நின்று துளசிக்குத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிய தண்ணீர் தொட்டி நிரம்பித் தரையில் ஓடியது. புட்டியை அன்று காலையே அலமாரியிலிருந்து எடுத்து ஆஸ்பத்திரி ஃபைல் வைக்கும் பைக்குள் பதுக்கியிருந்தார். திருட்டுப் புத்தி எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது பாருங்கள்.

அதோடாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தப் புட்டியில் கல்லீரலைச் சுத்தம் செய்யும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அடுத்தவன் ஒட்டிய லேபிளை ஆயுள் முழுக்க நம்பாதவர் அதை நம்பினார். கல்லீரல்தானே கெட்டிருக்கிறது, இன்னும் கொஞ்சம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஒன்றுக்கு இரண்டாகக் கலந்தார்.

அடுத்த பரிசோதனையில் நிலைமை இன்னும் மோசமாகியிருந்தது.

"மஞ்சள் காமாலைக் கிருமி இல்லை. ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. கீமோ மருந்தே ஒத்துக்கொள்ளவில்லையோ என்று தோன்றுகிறது" என்றார் டாக்டர். "இந்த மருந்துக்குக் கட்டி நன்றாகச் சுருங்கிக்கொண்டு வந்தது. விட மனசில்லை. ஆனால் வேறு வழியில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றுவது இந்த அளவுக்கு வேலை செய்யுமா என்று என்னால் இப்போது சொல்ல முடியாது. கடைசியாகக் கேட்கிறேன், வேறு எதுவும் சாப்பிடவில்லையே?"

இளங்கோவன் மடியில் பை கனத்தது. வாயைத் திறந்தார். அதற்குள் பானு பேசிவிட்டாள்.

"மஞ்சளும் மிளகும் போட்டுக் கஷாயம் குடிச்சேன் மேடம். அவருக்குத் தெரியாது. அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

டாக்டர் பெருமூச்சு விட்டார். சமையல் மஞ்சள் இந்தப் பாடு படுத்தாது, ஆனாலும் நிறுத்துங்கள், மருந்தை எப்படியும் மாற்றுகிறேன் என்றார். அப்புறம் இளங்கோவன் பக்கம் திரும்பி, "சார், நீங்கள் கூடவே இருந்து இவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள். இனி அம்மா வாயில் என்ன போகிறது என்று நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள்" என்றார். இளங்கோவன் தலையாட்டினார். ஆமாம், தலையாட்டினார்.

வெளியே மருந்துக் கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டார். "ஏன் பானு அப்படிச் சொன்ன?"

"வேற என்ன சொல்றது? என்ன போடறீங்கன்னு எனக்கு எங்க தெரியும்?"

"உனக்குத் தெரியுமா?"

"நாக்குதாங்க மரத்துப் போச்சு. மூக்கு நல்லாத்தான் இருக்கு. மொத நாளே கஞ்சியில ஏதோ இலை வாசனை. அப்புறம் அவ்ளோ வெல்லம் எதுக்கு?"

"தெரிஞ்சுமா குடிச்ச? வேணாம்னு சொல்லியிருக்கலாமே!"

பானு தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். கோபமாக இருக்கிறாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. "கல்யாணம் ஆனதிலிருந்து எனக்குன்னு நீங்க அடுப்பு பத்த வச்சதில்ல. டம்ளரைக் குடுத்துட்டு என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க. ஊருக்கெல்லாம் நக்கோ சொன்ன மனுஷன். அவர்கிட்ட நக்கோ சொல்ல எனக்கு வாய் வரல" என்றாள்.

இளங்கோவன் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். கிரி கத்தியபோது அவள் அழுததும் தெரிந்தேதான். டாக்டரிடம் லேது என்றதும் தெரிந்தேதான். அவருடைய மானத்தைக் காப்பாற்ற அவள் தன் கல்லீரலைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது தப்பான காரணத்தை நம்பி, வேலை செய்கிற மருந்தையும் டாக்டர் மாற்றப் போகிறார். செக்‌ஷனில் தவறான சரக்கைவிட, தவறான சீட்டு ஒட்டிய சரக்குக்குத்தான் அவர் அதிகம் கத்துவார்.

எழுந்து நடந்தார். வரிசையில் நின்றவர்கள் ஆட்சேபித்ததைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். புட்டியை மேஜையில் வைத்தார்.

"மேடம், கஷாயம் இல்லை. இது. நான்தான் கஞ்சியில் கலந்தேன். அவளுக்கு என்னவென்று தெரியாது. போன தடவை நீங்கள் கேட்டபோது பொய் சொன்னேன். அதற்கப்புறம் இரண்டு மடங்கு கொடுத்தேன்."

அவர் தெலுங்கு எப்போதும் தடுமாறும். அன்று ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை.

டாக்டர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லேபிளைப் படித்தார், அளவு கேட்டு எழுதிக்கொண்டார். "தேநீராகக் குடித்தால் ஒன்றும் இல்லை. இப்படிச் சாரமாக எடுத்தால் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும். இதுதான் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். நிறுத்திப் பார்ப்போம். வீக்கம் இறங்கினால் பழைய மருந்தையே தொடரலாம்" என்றார். கதவருகே போனவரை நிறுத்தி, "என்னிடம் காட்டியிருக்கலாமே சார்" என்று மட்டும் சொன்னார்.

வாடகைக் காரில் வரும்போதே கிரிக்கு ஃபோன் போட்டுச் சொன்னார். "நீங்களாப்பா?" என்றான் கிரி. அப்புறம், "அம்மாகிட்ட குடுங்க" என்றான். பானு ஃபோனைக் காதில் வைத்து, "சரிடா, சரிடா, அழாத" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அடுத்த பரிசோதனையில் கல்லீரல் வீக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் இறங்கியது. பழைய கீமோவையே தொடரலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, போன காலம் போனதுதான், கட்டி இதற்குள் என்ன செய்ததோ ஆபரேஷனில்தான் தெரியும் என்றும் சொன்னார். யாரையும் குத்திச் சொல்லவில்லை. இளங்கோவனுக்குக் குத்தியது.

அன்று சாயங்காலம் வழக்கம்போலக் கஞ்சி காய்ச்சினார். அடுப்பை அணைத்த பிறகும் டம்ளரை எடுத்துப் போகக் கால் வரவில்லை. ஒருவழியாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"கேழ்வரகு மட்டும்தான் பானு. உப்பு, மோரு. வேற ஒண்ணும் இல்ல."

பானு டம்ளரை வாங்கினாள். குடிக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோய் நன்றாக முகர்ந்து பார்த்தாள். டம்ளரைச் சாய்த்து அடியில் ஏதாவது படிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தாள். அவருடைய மேஜைக்கு எதிரே சரக்கோடு நின்ற அத்தனை பேரும் எப்படி நின்றார்களோ, அப்படித்தான் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பிறகு அவள் குடித்தாள்.